யாகமும் கூலியும்

வேலை கொடுப்பவனை எஜமான் என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நெல் அவிக்கும் களத்தில் வேலை பார்த்த என் தகப்பனாரும் ஆலைச் சொந்தக்காரரை அப்படித்தான் அழைத்தார். நாள்தோறும் பத்துத் தடவையாவது தம் வாயில் வந்த அந்தச் சொல் வேள்விச் சாலையிலிருந்து புறப்பட்டு வந்தது என்பதை அவரும் அறியார். அழைக்கப்பட்டவரும் அறிந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. யஜமானன் என்றால் யாகம் செய்பவன் என்பது பொருள். செய்பவன் என்று பெயரே தவிர, அவன் தன் கையால் செய்வது சொற்பம். அக்கினியில் ஆஹுதி சொரிவது அத்வர்யு, ருக்குகளை ஓதுவது ஹோதா, சாமம் பாடுவது உத்காதா, பிழை நேராமல் கவனித்திருப்பது பிரம்மா. சோம யாகமென்றால் இந்நால்வருக்கும் மும்மூன்று துணைவர் சேர்ந்து 16 ருத்விக்குகள். இத்தனை பேர் உழைக்க, யாகத்தின் பலன் மட்டும் ஒருவனையே சென்று சேர்கிறது.

பிறர் உழைப்பின் பலன் மற்றொருவனுக்கு எங்ஙனம் உரியதாகும் என்னும் இந்தக் கேள்வியை, தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் கனவிலும் தோன்றாத காலத்தில், ஜைமினியின் மீமாம்ஸா சூத்திரங்களும் அவற்றுக்குச் சபர சுவாமி இயற்றிய பாஷ்யமும் எழுப்பி, மிகுந்த நிதானத்தோடு ஆராய்ந்திருக்கின்றன. அவை கண்ட விடை தட்சிணை என்பது. தட்சிணையை நாம் இன்று மனம் குளிர்ந்து கொடுக்கும் வெகுமதி என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். மீமாம்ஸகர்கள் அவ்வாறு எண்ணவில்லை. அது பரிக்ரயம், அதாவது ருத்விக்கின் உழைப்பை விலை கொடுத்துப் பெறுவதற்கான ஈடு. அதைச் செலுத்துவதனாலேயே பிறர் கைகளால் நடந்த காரியம் யஜமானனுடைய காரியமாகிறது. அதைப் பங்கிடுவதற்கும் கணக்கு உண்டு: முதல் நால்வருக்கு முழுப் பங்கு, அடுத்த நால்வருக்கு அதில் பாதி, அதற்கடுத்தவர்க்கு மூன்றில் ஒன்று, கடைசி வரிசைக்கு நாலில் ஒன்று. திறனாளி, அரைத் திறனாளி, திறன் பெறாதவர் என்று இன்றைய அரசாங்க அறிவிக்கைகள் வகுக்கும் படிநிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நான்கு வரிசைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தர்மம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் ஏற்பட்டுப் போனது. தெருவில் கையேந்துகிறவன் கேட்பதும் தர்மம். நீதி மன்றத்தில் வழக்காடுகிறவன் கேட்பதும் தர்மம். குறைந்தபட்சக் கூலி இவற்றுள் எந்தத் தர்மத்தைச் சேர்ந்தது என்பதே என் மனத்தில் பல ஆண்டுகளாக இருந்துவரும் விசாரம்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இந்த விசாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அரிசி ஆலை, கல் உடைப்பு, பீடி, தேயிலைத் தோட்டம், விவசாயம் என அதன் அட்டவணையில் அடங்கிய தொழில்கள் யாவும், தொழிலாளர் ஒன்று கூடிப் பேரம் பேசும் வலிமை அற்ற இடங்கள். அரசாங்கம் கூலியை நிர்ணயிப்பதற்கு அது இரண்டு மார்க்கங்களைக் காட்டிற்று. ஒன்று, முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையிலும், இரு பக்கமும் சாராதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமலும் அமர்ந்த குழுவை நியமித்து, அதன் ஆலோசனையைப் பெறுவது. மற்றொன்று, உத்தேச விகிதங்களை அரசிதழில் வெளியிட்டு, இரண்டு மாத காலத்துக்குக் குறையாமல் ஆட்சேபனைகளைக் கேட்டறிவது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது விகிதங்கள் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது விதி. 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு அட்டவணையை நீக்கி எல்லா வேலைகளுக்கும் பாதுகாப்பை விரித்திருப்பதோடு, எந்த மாநிலமும் கீழே இறங்க முடியாத அடித்தள ஊதியம் ஒன்றை மத்திய அரசு வகுக்கவும் இடம் செய்திருக்கிறது. ஆயினும் குழு, அறிவிக்கை என்ற அந்த இரண்டு மார்க்கங்கள் அதிலும் தொடர்கின்றன.

இதற்கு முன்னோடி நம் நூல்களில் இல்லாமல் இல்லை. கூலி பேசாமல் வேலைக்கு அமர்த்தப்பட்ட உழவனுக்கு விளைச்சலிலும், இடையனுக்கு நெய்யிலும், வணிகனின் ஆளுக்குச் சரக்கிலும் பத்தில் ஒரு பங்கு உரியது என்றும், கைவினைஞர் முதலானோர்க்கு விவரம் அறிந்தவர்கள் நிர்ணயித்தபடி கொடுக்க வேண்டும் என்றும் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. ஆனால் அது கூலி பேசப்படாத இடத்துக்கு மட்டுமே உரிய விதி. பேசிவிட்டால் பேசியதே கூலி. நம் காலத்துச் சட்டமோ அந்த எல்லையைத் தாண்டி, குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறேன் என்று தொழிலாளியே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது. பசித்தவன் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகுமா என்ற தத்துவக் கேள்வி இங்கே சட்டத்தின் ஒரு பிரிவாகவே வந்து அமர்ந்துவிட்டது. 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய வேலையே என்று தீர்த்தது. மறு ஆண்டு, ராஜஸ்தானத்தில் வறட்சி நிவாரணத்துக்காகச் சாலை போட்டவர்களின் வழக்கில், இது பஞ்சத்தில் அரசு செய்யும் உதவி, ஆகையால் கூலி குறைந்தாலும் பாதகமில்லை என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்ட பிறகு கொடுப்பதற்கு உதவி என்று பெயர் சூட்ட முடியாது. இரண்டு தர்மங்களுக்கும் இடையே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழிக்கப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஓர் அளவுகோலைச் செய்தது. கணவன் ஓர் அலகு, மனைவி 0.8, இரண்டு குழந்தைகள் தலைக்கு 0.6, ஆக ஒரு சம்பாத்தியத்தில் உண்பவர் மூன்று அலகு. அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி, ஆளுக்கு 18 கெஜமாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை தனி; எரிபொருள், விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு 20. அந்த 2700 என்பது டாக்டர் அய்க்ராய்டின் கணக்கு. அவர் நம் குன்னூரில் இருந்த உணவாராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1935 முதல் பத்தாண்டுகள் பணியாற்றியவர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்த மலையில் இருந்தவரின் கணக்குக் கொண்டு, இந்தியத் தொழிலாளியின் ஒரு நாள் உணவு அளக்கப்பட்டது.

இந்த அளவுகோலை நான் மதிக்கிறேன். கூலியைச் சந்தையின் இரக்கத்துக்கு விடாமல் தேவையின் மேல் நிறுத்தியது பெரிய காரியம். ஆனால் கூட்டிப் பார்த்தால், அந்த மூன்று அலகுக்குள் கிழவியாகிவிட்ட தாய்க்கு ஒரு பங்கும் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்குக் கிடையாது. பொங்கலுக்குக் கிடையாது. முன்னோரையும் தெய்வத்தையும் விருந்தையும் சுற்றத்தையும் ஓம்பி, எல்லோர்க்கும் பிறகு தன்னை ஐந்தாவதாக வைத்துக் கொள்பவனைத்தான் வள்ளுவர் இல்லறத்தான் என்றார். அந்த ஐவரில் நால்வரை நீக்கிவிட்டு, எஞ்சிய ஒருவனின் உடம்பு நாளைக்கும் வேலைக்கு வரும்படி பராமரிப்பதற்கு ஆகும் செலவையே நாம் குறைந்தபட்சம் என்று எழுதி வைத்தோம். மாட்டுக்குத் தீனி போடுகிறவனும் இந்தக் கணக்கைத்தான் போடுவான். 1991ஆம் ஆண்டில் ராப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, வைத்தியம், பண்டிகைகளும் சடங்குகளும் உட்பட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, கலியாணம் ஆகியவற்றுக்காகக் கூலியில் நூற்றுக்கு 25 ஒதுக்க வேண்டும் என்று சேர்த்தபோதுதான், தொழிலாளிக்கும் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் அவன் செய்ய வேண்டிய கடன்கள் உண்டு என்பது கணக்கில் ஏறியது.

கூலி இடத்துக்கு இடம் மாறலாமா என்பதில் எனக்கு உடன்பாடும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. மாநகராட்சி ஒரு மண்டலம், நகராட்சி ஒரு மண்டலம், ஏனைய ஊர்கள் ஒரு மண்டலம் என்று தமிழ்நாட்டின் அறிவிக்கைகள் பலவற்றில் விகிதங்கள் பிரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. தானத்துக்குத் தேசம், காலம், பாத்திரம் மூன்றும் பார்க்க வேண்டும் என்பது சாஸ்திரம். கூலியில் தேசம் மண்டலமாகவும், காலம் அகவிலைப்படியாகவும் நுழைந்திருக்கின்றன. பாத்திரத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. ஒரே வேலைக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் கூடாது என்பது அறிவிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்குகிறவன் தகுதியுடையவனா என்று கொடுப்பவன் ஆராயும் உரிமை எங்கே முடிகிறதோ, அங்கே தானம் முடிந்து கடன் தொடங்குகிறது.

அகவிலைப்படியை ஆலைத் தொழிலாளர்கள் பஞ்சப்படி என்பார்கள். அந்தப் பெயரே அதன் பிறப்பைச் சொல்லும். சென்னை நகரத்து நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் முந்திய ஆண்டுச் சராசரியைப் பார்த்து, ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஏப்ரல் முதல் தேதி அது உயரும். சென்னையில் துவரம்பருப்பு விலை ஏறினால் பட்டுக்கோட்டையில் படி ஏறுகிறது. படியைப் பொறுத்தவரை மாநிலம் முழுவதும் ஒரே வயிறு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அடிப்படைக் கூலியில் மட்டும் வயிறுகளை மூன்றாகப் பிரிப்பதற்கு நியாயம் என்ன? வாடகை வேறுபடுகிறது, அது மெய். மற்றபடி எண்ணெயும் மருந்தும் எரிவாயுவும் சிற்றூருக்கு மலிவாக வருவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அங்கிருப்பவன் பஸ் கட்டணமும் சேர்த்துக் கொடுக்கிறான். 2019இல் தன் அறிக்கையை அளித்த அனூப் சத்பதி குழு, நாட்டை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து நாளொன்றுக்கு 342 ரூபாய் முதல் 447 ரூபாய் வரையிலும், பொதுவாக ஒரே விகிதமென்றால் 375 ரூபாயும் சிபாரிசு செய்ததோடு, நகரத் தொழிலாளிக்கு வாடகைக்கென்று தனியே சராசரியாக 55 ரூபாய் வரை சேர்க்கலாம் என்றும் கூறிற்று. வாடகையைத் தனியே பிரித்து வைக்கும் அந்த முறையே சரியானதென்று நான் கருதுகிறேன். வீட்டுக்கு விலை வேறாக இருக்கலாம். வீட்டில் இருப்பவனுக்கு வேறாக இருக்கக் கூடாது.

இனி, முதலாளியின் சக்தி என்ன என்று பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நாலு பேரை வைத்துச் சின்னத் தொழில் நடத்துகிறவனின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். இதற்கும் மீமாம்ஸையில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. கர்மங்களை அது நித்தியம் என்றும் காம்யம் என்றும் பிரிக்கிறது. நித்திய கர்மம் செய்தே ஆக வேண்டியது. ஆகையால் அங்கங்களில் சில குறைந்தாலும் யதாசக்தி, முடிந்தவரை, செய்தால் போதும். காம்யமோ ஒரு பலனை விரும்பித் தானாக மேற்கொள்வது. அதைச் செய்யென்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே எல்லா அங்கங்களோடும் பூரணமாகச் செய்யச் சக்தி உள்ளவனே அதற்கு அதிகாரி. குறையாகச் செய்தால் பலன் இல்லை. லாபத்தை விரும்பித் தொடங்கும் தொழில் காம்ய கர்மம் அல்லாமல் வேறென்ன? தட்சிணை கொடுக்க வகையில்லாதவன் சோம யாகத்தில் இறங்கிவிட்டு, முடிந்ததைக் கொடுக்கிறேன் என்று சொல்வதற்கில்லை. குறைந்தபட்சக் கூலியைக் கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு இருக்கும் உரிமையே கிடையாது என்று 1957இல் கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த முடிவேதான்; நீதிபதிகள் ஜைமினியை எண்ணிச் சொன்னார்கள் என்பதல்ல, நேர்மையாக யோசித்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியிலும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள் என்பதே எனக்கு ஆறுதல் தருவது.

பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் உபதேசத்தைக் கூலி கேட்பவனை நோக்கித் திருப்புகிறவர்களும் உண்டு. தன்னுடையது என்று ஆன பொருளைத்தான் ஒருவன் துறக்க முடியும். கைக்கு வராததைத் துறந்தவன் என்று எவனையும் சாஸ்திரம் புகழவில்லை. அந்த உபதேசம் முதலில் யஜமானனின் செவிக்கு உரியது.

மாதக் கூலியை 26ஆல் வகுத்து நாட்கூலி காண வேண்டும் என்று அறிவிக்கைகளில் ஒரு விளக்கம் இருக்கும். முப்பது நாள் வயிற்றுக்கு உரியதை இருபத்தாறு நாள் உழைப்பு ஈட்டித்தர, ஓய்வு நாளும் கூலியோடு வருகிறது. ஏழாம் நாளில் வேலைக்காரனும் எருதும்கூட ஓய்ந்திருக்கட்டும் என்ற யூதர்களின் பழைய கட்டளை, இந்தச் சின்ன வகுத்தல் கணக்கில் உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

என் தகப்பனார் அந்த ஆலையில் கைநாட்டு வைத்தது ஒரு தொகைக்கு, கையில் வாங்கியது வேறொரு தொகை. ஏட்டில் சர்க்கார் கூலி முழுதாக இருக்கும். பின்னால் ஒரு வருஷம், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி களத்துக்கே வந்து ஒவ்வொருவராக விசாரித்துப் போன பிறகு, ஏட்டில் இருந்தது கைக்கும் வந்தது. வீட்டில் அதனால் பெரிய மாறுதல் ஒன்றும் ஏற்படவில்லை. அதே கஞ்சி, அதே துவையல். ஆனால் எங்கள் தெருவுக்கு உச்சிப் பொழுதில் அன்னக்காவடி எடுத்து வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அவருடைய மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும், மாதக் கடைசி நாட்களில், அம்மா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷம் மாதக் கடைசியிலும் கதவு திறந்திருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் அவள் அரிசிப் பானையில் கையை விட்டுக்கொண்டே, என்னைக் கூப்பிட்டு, “ஓடு, அவரை நிற்கச் சொல்” என்றாள்.