எதிரியைத் தேர்ந்தெடுப்பது யார்?

1981 மார்ச் மாதம், அமெரிக்காவின் அலபாமா மாநிலம் மொபீல் நகரில், 19 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் டொனால்டைக் வெள்ளை இனவெறி இயக்கமான கூ க்ளக்ஸ் க்ளானின் ஆட்கள் இருவர் காரில் கடத்திக் கொன்று, உடலை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். முன்பகை ஏதும் கிடையாது. வேறொரு கறுப்பினத்தவர்மீதான கொலை வழக்கில் ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வராமல் போன ஆத்திரத்துக்கு அவர் அகப்பட்டார், அவ்வளவுதான்.

கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. வழக்கறிஞர் மோரிஸ் டீஸ் அதோடு விடவில்லை. தாய் பூலா மே டொனால்டின் சார்பில், அவர்கள் சார்ந்திருந்த 'யுனைடெட் க்ளான்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற க்ளான் இயக்கத்தின் மீதே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1987இல் 70 லட்சம் டாலருக்குத் தீர்ப்பானது. டஸ்கலூசாவில் இருந்த இயக்கத் தலைமையகம் அந்தத் தாயின் பெயருக்கு மாறியது. விற்றதில் கிடைத்தது சுமார் 52,000 டாலர்.

இருவர் செய்த கொலைக்கு இயக்கத்தையே ஓட்டாண்டியாக்குவது முறையா? வெறுப்பாளர்கள்தானே என்று தள்ளிவிட முடியாது. மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தபோது, கடைக்காரர்கள் இதே ஆயுதத்தைத்தான் கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் மீது வீசினார்கள். உறுப்பினர் சிலரின் அத்துமீறலுக்காக மட்டும் சங்கத்தைத் தண்டிக்க முடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆகவே சங்கம் தூண்டியதா என்பதே கேள்வி. மொபீல் வழக்கில் இயக்கப் பத்திரிகையில் வந்த, கழுத்தில் சுருக்குக் கயிறோடு ஒரு கறுப்பினத்தவரின் படம் ஜூரிகள்முன் வைக்கப்பட்டது. கொலையாளிகளில் ஒருவரே இயக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான்.

நெருடுவது வேறொன்று. தபால்வழி வியாபாரத்தில் பணம் குவித்தவர் டீஸ். சமையல் புத்தகங்கள்கூட அதில் அடக்கம். அந்தச் சாமர்த்தியத்தை 1971இல் தாம் இணைந்து தொடங்கிய 'சதர்ன் பாவர்ட்டி லா சென்டர்' (தென்மாநில வறுமைச் சட்ட மையம்) அமைப்புக்கு நன்கொடை திரட்டப் பயன்படுத்தினார். முகமூடி அணிந்த க்ளான்காரன் என்றால் கடிதம் படிப்பவர் உடனே காசோலை எழுதுவார். வாடகை வீட்டில் இருந்து விரட்டப்படுகிறவருக்காக அப்படி எழுதுவாரா? வெறுப்புக் குழுக்கள் பக்கம் அமைப்பு சாய்ந்தபோது, 1986இல், டீஸைத் தவிர வழக்கறிஞர்கள் அனைவரும் விலகினார்கள். அமைப்பின் நிதி இருப்பு பிற்பாடு பல கோடி டாலராக வளர்ந்தது. 2019இல் டீஸையே அது வெளியேற்றியது.

க்ளானைச் சாய்த்ததில் தவறில்லை. நன்கொடையாளரின் பயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அநீதியும் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் நம்பத் தொடங்குவதில் தவறு இருக்கிறது. பெயரிலேயே வறுமையைத் தாங்கிய அமைப்பில் அந்தத் தவறைச் சுட்டிக்காட்ட, விலகிப் போனவர்கள்தான் இருந்தார்கள்.