பூனையின் தவம்

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் மாமாவின் அரை ஏக்கர் கத்திரித் தோட்டத்தைப் பார்க்கப் போனேன்.

ஆடியில் நட்ட செடி. கார்த்திகை முடியப்போகிறது, மிஞ்சியிருப்பது கடைசிக் காய்ப்புதான். பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் தேங்கினால் கத்திரி வேர் அழுகிவிடும். மாமா வரப்பை வெட்டி நீரை வடியவிட்டு, ஒவ்வொரு செடியாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தார். இந்த உழைப்புக்குக் கூலி போட்டால் வரவு கட்டாது என்றான் எனக்குள் இருக்கும் குமாஸ்தா. கவிதை எழுதுகிற மற்றவன் வேறு சொன்னான்: பலனை எண்ணாத செயல் இதுதான். அவனுக்கு முதல் வரிகூடக் கிடைத்துவிட்டது.

"எதுக்கு மாமா இவ்வளவு பாடு?" என்றேன்.

"பொங்கலுக்குள்ள ரெண்டு பறிப்பு எடுத்துடலாம்ப்பா. ஊர்ல எல்லாச் செடியும் போயிடுச்சு. வெல ஏறும்ல?"

கவிதை அதோடு நின்றது. எனக்குச் சிறு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. அவர் கணக்குப் பார்க்காதவராக இருக்கவேண்டும் என்று நான் ஏன் விரும்பினேன்?

பலனை எண்ணாதவனுக்கு நஷ்டம் என்பதே இல்லை. நஷ்டமில்லாதவனுக்கு யாரும் எதுவும் தரவேண்டியதில்லை. ஈடு வேண்டாம், கடன் தவணையைத் தள்ளிவைக்க வேண்டாம், நான் வரப்பைவிட்டு இறங்கவும் வேண்டாம். விவசாயியைக் கர்மயோகியாக்கும் நம் எழுத்துகளில் இந்தச் சௌகரியம் இருக்கிறது என்று படுகிறது. புகழ்ச்சி நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. குமாஸ்தாவின் கணக்கும் இதற்கு மாறானதல்ல. வீண் உழைப்பு என்று ஒதுக்குவதும் உன்னத உழைப்பு என்று வணங்குவதும், மாமாவிடம் ஒரு கணக்கு இருக்கும் என்பதை மறந்துவிடுகின்றன.

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, பக்கத்தில் எலிகள். பார்க்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். அன்று வரப்பில் கைகட்டி நின்றவனுக்கும் அங்கே இடம் உண்டு.

மண் அணைக்கத் தெரியாது என்றேன். "புடிச்சிக்க, போதும்" என்றார். இருட்டும்வரை செடிகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்குள் ஒரு பறிப்புதான் கிடைத்தது. திருப்திதானா என்று நான் கேட்கவில்லை. என்ன விலை போயிற்று என்று கேட்டேன்.