இடித்துரைக்கும் அன்பு

தான் நேசிக்கும் குழுவின் உரிமையாளரை எதிர்த்துக் குரல் எழுப்பும் இரசிகன், அக்குழுவிற்கே தீங்கு செய்தவனாகிறானா? காற்பந்து உலகில் அடிக்கடி எழும் இவ்வினா ஆட்டத்திடலோடு முடிந்துவிடுவதன்று. அன்பு கொண்டவனுக்குக் கண்டிக்கும் உரிமை உண்டா என்னும் பழைய அறவினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

தீங்கு உண்டு என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. காற்பந்தாட்டத்திற்கு உடல் வலிமையோடு உள்ள உறுதியும் வேண்டும். சொந்தத் திடலில் எழும் ஆரவாரம் ஆட்டக்காரர்க்கு ஊக்கம் தருமாயின், கண்டன முழக்கமும் வெறுமையான இருக்கைகளும் அவர்களைச் சோர்வடையச் செய்தல் இயல்பே. உரிமையாளரை நோக்கி வீசப்படும் சுடுசொல், இடையில் நிற்கும் இளைஞனையும் சுடுகிறது.

ஆயினும், தோல்விக்குக் காரணம் தேடுவோர் முன்னது எது, பின்னது எது என ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்தின் பிளாக்பூல் கழகம் 2014-15ஆம் ஆண்டுப் பருவத்தில் கடைசி இடம் பெற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவ்விறக்கம் உறுதியான பின்னர், 2015 மே 2ஆம் நாள், இரசிகர்கள் திடலுக்குள் புகுந்தமையால் பருவத்தின் இறுதி ஆட்டம் கைவிடப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் அரங்கிற்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அப்புறக்கணிப்பு நிலவிய 2016இல் குழு மேலும் ஒரு படி இறங்கியது உண்மை. அதே புறக்கணிப்பு நிலவிய 2017இல், வெம்பிளி அரங்கில் வென்று ஒரு படி ஏறியதும் உண்மை. இறக்கத்திற்குப் புறக்கணிப்பே காரணம் என்பார், ஏற்றத்திற்கு எதனைக் காரணமாகக் காட்டுவர்? அவ்வாண்டு நவம்பரில், உரிமையாளர்கள் கழகத்தின் பணத்தை முறைகேடாக வெளியே எடுத்தனர் என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் வேறு, நோயாளியின் முனகல் வேறு. முனகலை அடக்கி நோயைத் தீர்த்த மருத்துவர் எவருமிலர்.

வெற்றி பெறும் குழுவிலும் எதிர்ப்பு எழுவதுண்டு என்பதற்கு மலேசியரோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2010இல் வேல்ஸ் நாட்டுத் தலைநகரின் கார்டிஃப் சிட்டி கழகத்தைத் தம் பொறுப்பில் கொண்டார். நூறாண்டளவாக வழங்கிவந்த நீல உடை 2012இல் சிவப்பாயிற்று. நீலப்பறவைச் சின்னமும் சிறுத்து ஒதுங்கிற்று. இரசிகர் பலர் கொதித்தனர். அப்பருவத்திலேயே குழு தன் பிரிவில் முதலிடம் பெற்று, அரை நூற்றாண்டுக்குப் பின் முதல்நிலைப் பிரிவில் இடம் பெற்றது. 2014இல் மீண்டும் இறங்கியது. 2015 சனவரியில் உரிமையாளர் இணங்கி நீலத்தை மீட்டளித்தார். நீல உடையிலேயே 2018இல் மறுபடியும் மேலே ஏறிற்று. உடையின் நிறம் பந்தை உதைப்பதில்லை. அதனை எதிர்த்த குரலும் வெற்றிக்குத் தடையாகவில்லை.

இங்கே சிந்திக்கத்தக்கது மற்றொன்றுண்டு. வெற்றி ஒன்றே இரசிகரின் வேட்கையாயின், சிவப்பில் வென்றபோது அவர்கள் முற்றிலும் மனநிறைவு கொண்டிருப்பர். பலர் அவ்வாறு அமையவில்லை. தந்தையும் பாட்டனும் கண்டு களித்த நிறத்தை, ஒரு நகரின் நினைவை, புள்ளிப்பட்டியலில் பெறும் இடத்திற்கு ஈடாகக் கொடுக்க அவர்கள் உடன்படவில்லை. விலைக்கு வாங்கியவருக்குக் கழகம் உடைமை. அவர்களுக்கோ அது மரபு.

ஆதலின், எதிர்ப்பு ஆட்டத்தைக் கெடுக்குமா என்பதனோடு, எத்தகைய எதிர்ப்பு அறத்தின்பாற்பட்டது என்பதனையும் ஆராய்தல் தகும். ஆட்டக்காரரை இழித்துரைப்பதும் வன்முறையில் இறங்குவதும் அன்பின் செயல்களாகா. காரணத்தை வெளிப்படக் கூறி, உரியவரை நோக்கி மட்டும் எழும் கண்டனமே பழியற்றது. நட்புக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரும் நண்பனை இடித்துரைத்தலை நட்பின் கடமையாகவே கொண்டார்.

ஆட்டக்காரர் வேறு கழகத்திற்குச் செல்வர், பயிற்றுநர் மாறுவர், உரிமையாளரும் விற்றுச் செல்வர். தோல்வியிலும் நீங்காது நிற்பவன் இரசிகன். அவ்வாறு நிற்பவனுக்குக் கைதட்டும் உரிமையை மட்டும் அளித்து, கண்டிக்கும் உரிமையை மறுப்பது நீதியாகாது.