கேட்பவர்களின் பங்கு

சம்பள வேலையை விட்டுவிட்டுக் கலையில் முழுதாக இறங்கலாமா? கழக்கூட்டத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். அங்கே 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் வளாகத்தை நம்பி நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் இருக்கும் பிள்ளைகள் பலரிடம் கிடார் இருக்கிறது. அதை வாழ்க்கையாக்கத் துணிச்சல் வேண்டும் என்பார்கள் சிலர். சோறு போடுமா என்பார்கள் வீட்டில்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கிடார் கலைஞருக்கு அது சோறு போடவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற குக்கிராமத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர், வயல்வேலை செய்தவர். 1928இல் ஓக்கே நிறுவனம் அவருடைய ப்ளூஸ் பாட்டுகளை மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் பதிவு செய்தது. இசைத்தட்டுகள் விற்கவில்லை. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் நிறுவனமும் ஆட்டம் கண்டது. ஹர்ட் வயலுக்கே திரும்பினார். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இசை ஆர்வலர், பழைய தட்டொன்றில் ஹர்ட் தன் ஊர்ப்பெயரைப் பாடியிருந்ததையே துப்பாகக் கொண்டு அவரைத் தேடிப் பிடித்தார். அதே ஆண்டு நியூபோர்ட் இசைவிழாவில் வாசித்த ஹர்ட்டுக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. 1966இல் இறந்துவிட்டார்.

திறமை என்றாவது வெல்லும் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இடைப்பட்ட 35 ஆண்டுகளின் பாட்டு தட்டில் ஏறாமலே போனது. அந்த நஷ்டத்தை எந்த விழாவும் ஈடுகட்டாது. என்னை யோசிக்க வைப்பது வேறு. கட்டைவிரல் அடித்தளச் சுரத்தை விடாமல் நடத்த, மற்ற விரல்கள் மெட்டைப் பேசும் அந்த வாசிப்பு அத்தனை காலம் கழித்தும் அவர் கையில் இருந்தது. சந்தை கைவிட்ட பிறகும் ஊர்க்காரர்கள் கூடிய இடங்களில் அவர் வாசித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஷில்லாங்கின் ரூடி வாலாங் போனது வேறு பாதை. கிடாரையே தொழிலாகக் கொண்டவர். 2003இல் பாடகி திப்ரிதி கர்பங்காருடன் சோல்மேட் குழுவைத் தொடங்கினார். பெருநகரம் தேடிப் போகவில்லை. ஷில்லாங்கில் இருந்தபடியே 2007இல் மெம்பிஸ் நகரின் சர்வதேச ப்ளூஸ் போட்டிக்குப் போனார்கள். பள்ளியிலும் தேவாலயத்திலும் கிடார் ஒலித்துப் பழகிய ஊர் அவருக்கு வாய்த்திருந்தது.

ஒருவர் வேலையில் இருந்தார். மற்றவர் இசையையே வேலையாக்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது பக்கத்தில் கேட்க ஆள் இருந்ததுதான். அப்படியானால் துணிச்சலைப் பற்றிய கேள்வி வாசிப்பவரை மட்டும் நோக்கியதாக இருக்க முடியாது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி ப்ளூஸ் பழகுகிறார். சத்தம் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் கண்டிப்பு. அதனால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டே வாசிக்கிறார். "நான் வாசிக்கிறது எனக்கு மட்டும்தான் கேக்கும் அண்ணே" என்றார். வேலையை விடு என்றோ விடாதே என்றோ சொல்ல நான் யார்? ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றி மெல்ல வாசிக்கச் சொல்லி, மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க என்னால் முடியும். ஆண்டுக்கொரு தடவை அலுவலக விழாவில் கைதட்டுவது சுலபம். விரல் தடுமாறும் மாதங்களிலும் எழுந்து போகாமல் கேட்பதுதான் கலைக்கு அக்கம்பக்கத்தார் தரக்கூடிய பங்கு. அதைத் தராதவர்களுக்கு, 'இங்கே நல்ல கலைஞர்களே இல்லை' என்று குறைபட உரிமையில்லை.