முதல் நாளின் கணக்கு

1894 ஜூனில் பொஸ்டன் நகரிலிருந்து ஆனி கொப்சொவ்ஸ்கி என்ற பெண் 42 இறாத்தல் எடையுள்ள துவிச்சக்கர வண்டியில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டார். மாற்றுடுப்பு, ஒரு கைத்துப்பாக்கி, சாமான் அவ்வளவுதான். 100 டொலருக்கு ஒரு குடிநீர்க் கம்பனியின் பெயரைச் சூடி, 'லண்டன்டெரி' ஆனார். வீட்டில் மூன்று சிறு பிள்ளைகள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாமா? இப்படித்தான் எனக்கும் கேட்கத் தோன்றியது. ஆனால் 1884இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து இவ்வாறே புறப்பட்ட தோமஸ் ஸ்டீவன்ஸைப் பற்றி வாசித்தபோது, அவரது வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் தேடவேயில்லை.

என் கேள்வி ஓரவஞ்சனையானது, சரி. அதற்காக அது பொய்யாகிவிடுமா? தகப்பன் வீட்டிலிருந்தார் என்பதையும் நான் பிந்தித்தான் கணக்கெடுத்தேன். ஆனாலும் அந்த மூவருக்கும் அது தாயில்லாத பதினைந்து மாதங்களின் முதல் இரவு.