சரி செய்யட்டுமா?

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் கடைத்தெருவுக்குப் போகிறோம். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அதைக் கழற்றிக் கொடுக்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கவும் நம்மால் ஆகாது. ஆயினும் நம்புகிறோம். ஏன்? அவருக்கு ஒரு முகம் இருக்கிறது. நாளைக்கும் அதே தெருவில் அவர் கடை திறந்தாக வேண்டும். வேலை கெட்டுப்போனால் நாலு பேருக்கு முன்னால் தலை குனிய வேண்டும். ஆகவே அவருடைய கைத்திறனோடு அவருடைய வெட்கத்தையும் சேர்த்தே நாம் நம்புகிறோம்.

இன்று வீட்டுக் கம்ப்யூட்டர் தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ள முன்வருகிறது. ஒருநாள் அதைத் திறந்தவுடன் திரையில் ஒரு சிறிய கட்டம் தோன்றுகிறது. 'பிழை இருக்கிறது, சரி செய்யட்டுமா?' என்று கேட்கிறது. அடியில் ஒரு பொத்தான். அதற்கு முகமும் இல்லை, கடையும் இல்லை, நாளைய வெட்கமும் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தலாமா, கூடாதா?

யந்திரம் தெரிந்தவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்று நாம் ஒதுங்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு விளங்காத ஒரு காரியத்தை, நமக்கு முகம் தெரியாத ஒன்றினிடம், எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

முதலில் யந்திரத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1982-ஆம் ஆண்டில் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர், கம்ப்யூட்டருக்கான சில பழுதுபார்க்கும் கருவிகளை ஒன்றுசேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் புகழ்பெற்றது, அழித்துவிட்ட கோப்பை மீட்டுத் தரும் கருவி. அழிந்தது எப்படி மீளும்? அந்தக் காலத்து டாஸ் முறையில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் அதைக் கொளுத்திவிடுவது என்று பொருளல்ல. நூல் நிலையத்தில் புத்தகத்தை அலமாரியில் அப்படியே விட்டுவிட்டு, பட்டியலில் மட்டும் அதன் பெயரைக் கீறிவிடுவது போன்றது அது. அதிலும் முழுப் பெயரையும் கீறுவதில்லை. முதல் எழுத்தை மட்டுமே மாற்றி, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். 'ராமன்' என்ற பெயர் 'மன்' என்று நிற்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும்வரை உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கும்.

மீட்க வந்த கருவி எஞ்சியதையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தது. ஆனால் போன எழுத்தை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே அது உடையவரைக் கேட்டது: 'முதல் எழுத்து என்ன?' இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தனக்குத் தெரிந்ததைத் தயங்காமல் செய்து, தெரியாத இடம் வந்ததும் நின்று, தெரிந்தவரைப் பார்த்துக் கேட்கிறது. இதற்குமேல் ஒரு நல்ல வேலைக்காரனிடம் நாம் எதை எதிர்பார்க்க முடியும்?

கேளாமலே செய்தாலும் குற்றமில்லாத காரியங்களும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடுகிறது. திரும்ப வந்ததும் கம்ப்யூட்டர் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நிற்கிறது. எப்படி? 1993-ல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த கோப்பு முறை, தன் கணக்கில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்னால், 'இதைச் செய்யப் போகிறேன்' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. நடுவில் தடைப்பட்டால், மறுபடி எழும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, அரைகுறையாக நிற்பதை முடித்துவிடுகிறது. அல்லது ரத்துச் செய்துவிடுகிறது. இங்கே ஊகத்துக்கு இடமில்லை. எழுதிவைத்த சாட்சி இருக்கிறது. சாட்சியைக் கொண்டு செய்யும் பழுதுபார்ப்பை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தொல்லை தொடங்குவது சாட்சி தீர்ந்து, ஊகம் ஆரம்பிக்கும் இடத்தில்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தம் பாட்டனார் காலம் முதலான குடும்பக் கதையை மூன்று வருஷமாகத் தட்டச்சுச் செய்து ஒரு பென் டிரைவில் சேர்த்து வைத்திருக்கிறார். பேரன் ஏதோ அவசரத்தில், அது எழுதிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கிவிடுகிறான். மறுநாள் செருகினால் அந்தக் கட்டம் வந்து நிற்கிறது: 'சரி செய்யட்டுமா?' மருமகள் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து பொத்தானை அழுத்திவிட்டு, குழம்பு தீய்ந்துவிடுமே என்று திரும்ப ஓடுகிறாள். சிறிது நேரத்தில் 'சரி செய்தாயிற்று' என்று திரை அறிவிக்கிறது. பெரியவர் வந்து தேடினால் கோப்பு இருந்த இடத்தில் இல்லை.

என்ன நடந்தது? எந்தத் துண்டு எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று காட்டும் கணக்கு குலைந்துவிட்டது. உரிமை தெரியாத துண்டுகளையெல்லாம் அந்தக் கருவி திரட்டி, 'ஃபவுண்ட் 000' என்று ஓர் அறை கட்டி, அதற்குள் 0000, 0001 என்று எண்ணிட்டு அடுக்கிவிட்டது. சாதாரணமாகப் பார்த்தால் அந்த அறை கண்ணுக்கும் தெரியாது. பாட்டனாரின் கதை அதற்குள் கிடக்கலாம், பாதி கிடக்கலாம், பெயரை இழந்து கிடக்கிறது.

இதில் கருவி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் மொழியில் 'சரி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 'கணக்குச் சரி' என்றால் வரவும் செலவும் ஒத்துப்போகின்றன என்று பொருள். 'நீ செய்தது சரி' என்றால் நியாயம் என்று பொருள். ஒரு கணக்குப்பிள்ளை, இடிக்கிற தொகையை அடித்துவிட்டுப் பேரேட்டை நேர் செய்தால் முதல் பொருளில் அது சரிதான். இரண்டாவது பொருளில் அல்ல. பழுதுபார்க்கும் கருவி முதல் பொருளில் மட்டுமே 'சரி' என்கிறது. கணக்கு இடிக்கவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முந்திய விளம்பரமும், மறைந்துபோன தகப்பனாரின் குரலைப் பதிந்து வைத்த ஒலியும் அதற்கு ஒரே விலை. எது போனால் வீடு அழும் என்று அதற்குத் தெரியாது. அது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பொய்யே சொல்லும் கருவிகளும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடை, தன்னிடம் வரும் கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவியை வைத்திருந்தது. சோதனை தொடங்குமுன் நாலு கேள்விகள் கேட்கப்படும். யந்திரம் மெதுவாக ஓடுகிறதா என்பதுபோல. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்துவிட்டால் போதும். உள்ளே எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் 'நோய்க் குறி தென்படுகிறது' என்று முடிவு வந்துவிடும் என அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 2019-ல் அந்தக் கடையும், கருவியைக் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. நாடி பார்ப்பவரே மருந்துக் கடையும் வைத்திருந்தால், நாடி எப்படிப் பேசும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

பொய்யும் இல்லாமல், பேராசையும் இல்லாமல், வெறும் தவறாலும் கேடு வருவதுண்டு. 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற காவல் கருவிக்கு வந்த ஒரு புதுக் குறிப்பு, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் உயிர்நாடி போன்ற கோப்பு ஒன்றையே நோய்க் கிருமி என்று எண்ணிப் பிடித்து அடைத்தது. பல இடங்களில் யந்திரங்கள் எழுவதும் விழுவதுமாகத் தவித்தன. காவலன் வீட்டுக்காரனையே திருடன் என்று கட்டிப்போட்ட கதை.

"இப்படியெல்லாம் பார்த்தால் எதையுமே நம்ப முடியாதே! வைத்திய சாஸ்திரம் படித்துவிட்டா டாக்டரிடம் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சந்தேகிப்பவன் அறிவாளி அல்லன். அவன் தனக்குத் தானே ஒரு சிறை கட்டிக்கொண்டவன். ஆனால் நல்ல டாக்டர் என்ன செய்கிறார்? 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்கிறார். கத்தியை எடுக்குமுன் நம் சம்மதத்தைக் கேட்கிறார். எதை எடுக்கப் போகிறார், எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லுகிறார். 'உடம்பில் பிழை இருக்கிறது; சரி செய்யட்டுமா?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கத்தியை எடுப்பவரிடம் யார் படுத்துக்கொள்வோம்?

திரை கேட்கும்போது மட்டும் ஏன் படுத்துக்கொள்கிறோம்? அறியாமை ஒரு காரணம். பயமும் ஒரு காரணம். இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. தீர்மானிக்கும் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தால் மனித மனம் இறக்கி வைத்துவிடுகிறது. பின்னால் கெடுதல் வந்தாலும், 'நான் என்ன செய்வேன்? அதுதானே செய்தது!' என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும்போது நாம் அதை நம்பவில்லை. அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

உண்மையான நம்பிக்கைக்கு ஒரு முன்வேலை உண்டு. அது மிகவும் எளியது; நகல் எடுத்து வைப்பது. அந்தக் கட்டம் தோன்றியவுடன் பொத்தானைத் தொடாமல், உள்ளிருப்பதில் திறக்க முடிவதையெல்லாம் முதலில் வேறோர் இடத்தில் பிரதி செய்துகொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால் இது இன்னும் முக்கியம். சாகக் கிடப்பவனை எழுப்பி வேலை வாங்குவதுபோல், பழுதுபார்க்கும் முயற்சியே அதற்குக் கடைசி உழைப்பாகிவிடலாம். அந்த நிலையில் விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் அதை எடுத்துச் செல்வதே நல்லது. நகல் கையில் இருந்துவிட்டால், பிறகு கருவியைத் தாராளமாக நம்பலாம். அது தவறினாலும் போவது கொஞ்ச நேரம்தான். நகல் இல்லாமல் அழுத்துகிறவன் நம்பவில்லை; சூதாடுகிறான்.

அதுவும் யாருடைய பொருளை வைத்து? இதைத்தான் நாம் அதிகமாக மறந்துவிடுகிறோம். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருவருடையதல்ல. அதில் மகளின் பாடக் குறிப்பு இருக்கிறது. தாயாரின் பழைய கல்யாணப் படங்கள் இருக்கின்றன. பெரியவரின் மூன்று வருஷம் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிற விரல் ஒன்று, இழப்பவர்கள் பலர். தன் பொருளை ஒருவன் எப்படியும் நம்பி ஒப்படைக்கலாம். பிறர் பொருளை ஒப்படைக்க அவர்களைக் கேட்டாக வேண்டும்.

ஆகவே திரை, 'சரி செய்யட்டுமா?' என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, "இதில் உன்னுடையது என்ன இருக்கிறது?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அந்தப் பழைய கருவி கேட்ட முதல் எழுத்து அவர்களிடம்தான் இருக்கிறது.