முகம் யாருடையது?

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரை செல்வோர் அண்மை ஆண்டுகளின் மாற்றம் ஒன்றைக் கண்டிருப்பர். தொழிற்பேட்டையும் படைத்துறைத் தொழிற்சாலைகளும் வளர்த்த ஊர்கள் இவை. இன்று இவற்றின் கடைத்தெருக்களிலும், அப்பால் பூவிருந்தவல்லியிலும், நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையே புதிய பலகைகள் தொங்குகின்றன. முடி நடுதல், நிறம் கூட்டுதல், முகச் சுருக்கம் நீக்குதல், கொழுப்புக் கரைத்தல் என்று அவை அழைக்கின்றன. அவ்வழைப்புக்குச் செவிசாய்ப்போர் திரைப்பட நடிகர்கள் அல்லர். வரன் தேடும் பெண், இளமையிலேயே முடி உதிர்ந்த இளைஞர், வேலையிடத்தில் முதுமை தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் நடுவயதினர் என, ஞாயிறு திருப்பலியில் நம்மோடு ஒரே வரிசையில் முழந்தாளிடுவோரே அவர்கள்.

இது தகுமா, தகாதா? இவ்வினாவுக்கு நம்மிடையே ஆயத்தமாக இரு விடைகள் உண்டு. “ஆண்டவர் தந்த முகத்தை மாற்றுவது பாவம்” என்பது ஒன்று. “என் உடல், என் பணம், பிறருக்கு என்ன?” என்பது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிக்கும் விடைகள். முதல் விடை மெய்யானால், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கு அதைத் தைத்துச் சீராக்குவதும் பாவமாகிவிடும். இரண்டாம் விடை மெய்யானால், உடல் நாம் விலைகொடுத்து வாங்கிய பொருளாகிவிடும். அது கொடையாகவும் தூய ஆவியின் கோவிலாகவும் இருக்க இயலாது.

வேலூர் தந்த பாடம்

உருவைச் சீராக்கும் மருத்துவம் மேலைநாடுகளிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோல்கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருதரின் நூல் பண்டே விளக்கியது. நெற்றித் தோல்கொண்டு மூக்கமைக்கும் இந்திய முறையை 1794-ஆம் ஆண்டு இலண்டன் இதழ் ஒன்று வெளியிட்டது. அதைப் படித்தறிந்த கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் தம் நாட்டில் அதைச் செய்துகாட்டினார்.

ஆயினும் நம் வினாவுக்கு மிக அணுக்கமான சான்று வேலூரில் கிடைக்கிறது. 1940-களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். உழைக்கும் கைகள் மீண்டன; நோயும் தணிந்தது. ஆயினும் பலருக்கு ஊர் திரும்ப வழியில்லை. உதிர்ந்த புருவமும் உட்குழிந்த மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. எனவே அவர் மூக்கையும் புருவத்தையும் சீராக்கத் தொடங்கினார். முடியுள்ள தலைத்தோலின் ஒரு பகுதியை அதன் இரத்த ஓட்டம் குன்றாமல் நெற்றிக்குக் கொணர்ந்து புருவமாக்கினார். தலைமுடியாதலால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கத்தரிக்காமல் நீள வளரவிட்டுப் பெருமையோடு நடந்தோரும் உண்டாம்.

இங்கே ஒரு கணம் நின்று எண்ண வேண்டும். புருவமின்றி ஒருவர் உண்ணலாம், உழைக்கலாம், உறங்கலாம். ஊருக்குள் நுழைய மட்டும் முடியவில்லை. அப்படியானால் அந்த அறுவை உடலின் தேவைக்கன்று, பிறர் கண்களின் பொருட்டே செய்யப்பட்டது. அதை வீண்பெருமை என்று சொல்ல நமக்கு நா எழுமா? “செயற்பாட்டுக்கான அறுவை நல்லது, தோற்றத்துக்கான அறுவை தீயது” என்று எளிதாகக் கோடு கிழிக்க இயலாது என்பதை வேலூர் உணர்த்துகிறது. மனித முகம் உறவுக்காகப் படைக்கப்பட்டது. உறவிலிருந்து தள்ளப்பட்டவரின் துயர் வெறும் தோற்றத் துயரன்று.

திருச்சபை காட்டும் அளவுகோல்

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958 அக்டோபர் 4 அன்று, தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதே வினாவை எடுத்துக்கொண்டார். உடலழகு நன்மையே என்றும், ஆனால் நன்மைகளுள் தலையாயதன்று என்றும் அவர் கற்பித்தார். அழகு அறுவையை அவர் முற்றாகத் தடுக்கவுமில்லை, கண்மூடி வரவேற்கவுமில்லை. நோக்கம் நேரியதாக இருக்க வேண்டும். உடல்நலத்துக்குப் பெருங்கேடு நேராதிருக்க வேண்டும். மேற்கொள்ளும் வழிக்கு ஈடான தக்க காரணம் இருக்க வேண்டும் என்பன அவர் வகுத்த வரம்புகள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உடல்நலம் பேணுவதைக் கடமையாகக் கூறிவிட்டு, உடலையே வழிபடும் போக்கை மறுக்கிறது.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு அண்மை நிகழ்ச்சிகளைக் காண்போம். 2016 மே மாதம் சென்னையில் ஒரு மையத்தில் முடி நடும் அறுவை செய்துகொண்ட 22 வயது இளைஞர் உடல்நிலை மோசமாகி, ஓரிரு நாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரிழந்தார். அவர் மருத்துவ இறுதியாண்டு மாணவர். அம்மையம் முடிதிருத்தும் நிலையமாகவே உரிமம் பெற்றிருந்தது என்றும், மயக்கமருந்து கொடுத்த மருத்துவர் அறுவை முடியுமுன் சென்றுவிட்டார் என்றும் அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குச் சென்ற 21 வயதுத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் இறந்தார்.

புருவம் பெற்று ஊர் திரும்பியோரும், முடி நாடிச் சென்று உயிர் துறந்த இளைஞரும் ஒரே வேலூரை நினைவூட்டுகின்றனர். இருவரும் வேண்டியது பிறர் முன் நாணாமல் நிற்கும் உரிமையையே. எனவே அந்த இளைஞர்மீது பழி சுமத்துவது அறமன்று. குறை ஈட்டில் இருந்தது. பெறக்கூடிய நன்மைக்குப் பொருந்தாத இடரை, காவலற்ற இடத்தில் அவர் ஏற்கும்படி ஆயிற்று. அறுவை சிறியதாகலாம், மயக்கமருந்து என்றும் சிறியதன்று.

அறிந்து தரும் ஒப்புதல்

ஒப்புதல் தாளில் இடும் கையொப்பம் மட்டும் ஒப்புதல் ஆகாது. அறிவும் உரிமையும் கூடினால்தான் அது அறச்செயல். ஆகவே சில உண்மைகளை அறிந்துகொள்வது விவேகம் என்னும் நற்பண்பைச் சார்ந்ததேயாகும்.

முகச் சுருக்கத்துக்குப் போடப்படும் ‘போட்டாக்ஸ்’ ஊசி, நரம்பு தசைக்கு அனுப்பும் ஏவலைத் தடுத்து அத்தசையைத் தளரச் செய்யும் நச்சுப்பொருள். மாறுகண், கண்ணிமைத் துடிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் 1989-இல் இசைவு பெற்றது. புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்துக்கு 2002-இல் பெற்றது. அதன் பயன் பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களே. பின்னர் மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நரம்புத் தசை நோயுள்ளோரும் இதைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவர்.

கன்னத்தையும் உதட்டையும் நிரப்பும் ‘ஃபில்லர்’ ஊசி தவறுதலாக இரத்தக்குழாயில் புகுந்தால் அவ்விடத்துத் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையே போகலாம். ஹயலூரானிக் அமிலத்தாலான ஃபில்லரைக் கரைக்க மாற்றுமருந்து உண்டு. அது அவ்விடத்தில் ஆயத்தமாக உள்ளதா என்று கேட்பது தேவையற்ற ஐயமன்று. நிறம் வெளுக்கப் போடப்படும் குளுட்டாதயோன் ஊசியைப் பற்றிப் பிலிப்பீன்சு நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாகவே எச்சரித்துள்ளது. அது பயன் தருவதற்கு உறுதியான சான்று இல்லை. கடும் ஒவ்வாமையும் கல்லீரல், சிறுநீரகக் கேடும் நேரலாம். நம் போன்ற கருநிறத் தோலில் லேசர் முதலியவற்றால் கரும்புள்ளிகளும் தடித்த தழும்புகளும் எளிதில் உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது.

செய்பவர் யார் என்பது அடுத்த வினா. முறையான அறுவைப் பயிற்சி பெற்றவரே இவற்றைச் செய்யலாம், பயிலரங்குகளிலும் இணையக் காணொளிகளிலும் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. மருத்துவரின் பட்டம் என்ன, தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் பதிவு உண்டா, மயக்கமருந்து வல்லுநர் இறுதிவரை உடனிருப்பாரா, உயிர்காக்கும் கருவிகள் உள்ளனவா, பிழை நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவர் என்று கேட்க வேண்டும். உண்ணும் மருந்துகளையும் பழைய நோய்களையும் நாமும் மறைக்கலாகாது. இவ்வினாக்களுக்குச் சினக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நலம். “இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி” என்னும் இடத்திலிருந்தும் அவ்வாறே.

நம் கண்களின் குற்றம்

மருத்துவரிடம் கேட்கும் வினாக்கள் முடிந்தபின்னும் ஒரு வினா எஞ்சும். அதை நம் உள்ளத்திடம் கேட்க வேண்டும். இந்த மாற்றத்தை விரும்புவது நானா, அல்லது என்னைப் பார்க்கும் கண்களா?

கிறித்தவ மணமக்கள் தேவை விளம்பரங்களிலும் ‘சிவந்த நிறம்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. தோற்றத்தைப் பாராமல் உள்ளத்தைப் பார்க்கும் ஆண்டவர் தாவீதைத் தேர்ந்த நிகழ்ச்சியை வாசகமாகக் கேட்டுவிட்டு, கோவில் வாசலிலேயே “பெண் கொஞ்சம் கருப்பு” என்று பேசுகிறோம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த மகள் ஊசி போடும் இடத்தைத் தேடிப் போனால், அவளை வீண்பெருமைக்காரி என்று கண்டிக்க நமக்கு என்ன தகுதி உண்டு? அவள் எடுக்கும் முடிவில் நம் சொற்களும் பங்கேற்கின்றன. அவளுடைய ஒப்புதலில் உரிமை குறைந்திருந்தால், குறைத்தவர்கள் நாம்.

வேலூரில் செய்த புருவமும் ஊரின் அநீதியான பார்வைக்குப் பணிந்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், பணிந்ததுதான். ஆனால் அங்கே அறுவையோடு பணி முடியவில்லை. நோய் தீர்ந்தவரை ஏற்கும்படி மக்களுக்குக் கற்பிக்கும் பணியும் உடன் நடந்தது. மேலும், அந்த மருத்துவம் மனிதரை வீட்டுக்கு அனுப்ப விரும்பியது. இன்றைய வணிகமோ அவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பிவர விரும்புகிறது. ஒன்று அச்சத்தைத் தீர்க்க முயன்றது. மற்றது அச்சத்தை முதலாக்கி வாழ்கிறது.

எனவே நம் கடமை இருவகைப்படும். தீக்காயத்தாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ வாடுவோர் சீரமைப்பு நாடினால், குற்ற உணர்வு ஊட்டாமல் துணைநிற்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஒட்டறுவைத் துறைகளை அவர்களுக்குக் காட்ட வேண்டும். மற்றோர் இவ்வழியை நாடும்போது, ஏளனம் செய்யாமல் அமர்ந்து பேச வேண்டும். வீட்டாருக்குத் தெரியாமல் தனியே சென்று மேசையில் படுக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரலாகாது. அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசலாம். மண விளம்பரத்திலிருந்து நிறத்தை நீக்குவது ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடியது.

நம் மண்ணுக்கு நற்செய்தி கொணர்ந்தவராக நாம் போற்றும் தூய தோமா, உயிர்த்த ஆண்டவரை அறிந்துகொண்டது தழும்புகளைக் கண்டபோதுதான். சாவை வென்ற உடலிலும் ஆண்டவர் அத்தழும்புகளை மறைக்கவில்லை. தழும்பை நீக்கலாகாது என்பதன்று இதன் பொருள்; தழும்போடும் ஒருவர் மாட்சி பெற்றவராயிருக்கலாம் என்பதே. இதை நம்பும் குடும்பத்தில் வளரும் பிள்ளை, மருத்துவரிடம் சென்றாலும் செல்லாவிட்டாலும், அச்சமின்றி முடிவெடுக்கும்.